உளவியல் ஆய்வு முறையியல்: தோட்டப்புற மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தஞ்சோங் மாலிம், கம்பார், பாங்கி என்று உளவியல் படிக்கப் போகும் பிள்ளைகள் பலர் முதலில் திணறுவது ஆய்வு முறையியல் பாடத்தில்தான். இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தரவு திரட்ட, செமஸ்டர் விடுமுறையில் அவர்கள் திரும்பி வருவதும் இதே ஊருக்குத்தான். அதனால் கேள்விகளில் பாதி பாடத்தைப் பற்றியவை, பாதி ஊரைப் பற்றியவை. படிவங்களும் இறுதி நாள்களும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அவற்றை உங்கள் துறைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்.பி.எம். கணக்குப் பாடத்தில் சி-தான் எடுத்தேன். இந்தப் பாடத்தில் தேறுவேனா?

தேறலாம். சராசரி, திட்ட விலக்கம், வர்க்கமூலம் வரைதான் கைக்கணக்கு. மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மதிப்பெண் குறைவது வேறு இடத்தில்: எந்தக் கேள்விக்கு எந்த வடிவமைப்பு, அந்த வடிவமைப்பை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது. தப்பான ஆட்களிடம் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தாலும் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் முகம் சுளிக்காது. மூன்று தசம இடத்துக்குச் சுத்தமாக விடை கொடுக்கும்.

வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, முறையியல் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். யாரை, எத்தனை பேரை, எதை வைத்து அளந்தார்கள், எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். முடிவுகள் பகுதியை மூடி வைத்துவிட்டு, இதற்கு எந்தச் சோதனை போட்டிருப்பார்கள், எதை நிரூபிக்க முடியாமல் போயிருக்கும் என்று ஊகியுங்கள். பிறகு திறந்து பாருங்கள். பத்துக் கட்டுரை இப்படிப் படித்தவருக்குத் தேர்வுத்தாள் பழகிய முகமாகத் தெரியும்.

‘தோட்டத் தொழிலாளர்களின் மன அழுத்தம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். “இது தலைப்பு, ஆய்வுக் கேள்வி இல்லை” என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?

அவர் சொன்னது சரி. தொழிலாளர் என்றால் பால்மரம் சீவுபவரா, செம்பனைக் குலை அறுப்பவரா, தோட்ட ஆபிசில் வேலை செய்பவரா? மன அழுத்தத்தை எதை வைத்து அளப்பீர்கள்? கடந்த ஒரு வாரமா, ஒரு மாதமா? எதோடு தொடர்புபடுத்தப் போகிறீர்கள்?

இப்படி மாற்றிப் பாருங்கள்: “சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் குறைந்தது ஓராண்டு வெளிவேலை செய்த, 18 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களிடம், இரவுத் தூக்க நேரத்துக்கும் உணரப்பட்ட மன அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா?” இதில் தூக்க நேரம் என்பது கடந்த ஏழு இரவுகளின் சராசரி மணி. மன அழுத்தம் என்பது பத்துக் கேள்விகள் கொண்ட உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலில் 0 முதல் 40 வரை வரும் மதிப்பெண். இப்படிக் கருத்தை அளக்கக்கூடிய ஒன்றாக இறக்குவதற்குச் செயல்முறை வரையறை என்று பெயர். முன்மொழிவில் இது இல்லையென்றால் மற்ற எதையும் மதிப்பீடு செய்ய முடியாது.

தூக்கம் குறைந்தவர்களுக்கு மன அழுத்தம் அதிகம் என்று வந்தால், “தூக்கமின்மையால் மன அழுத்தம் கூடுகிறது” என்று எழுதலாமா?

கூடாது. ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்தீர்கள். எது முன், எது பின் என்று உங்கள் தரவுக்குத் தெரியாது. மன அழுத்தமே தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம். கைக்குழந்தை, கடன், பகுதிநேரப் பாதுகாவலர் வேலை என்று மூன்றாவது காரணம் ஒன்று இரண்டையும் இழுத்திருக்கலாம். ‘தொடர்பு உள்ளது’, ‘சேர்ந்து காணப்படுகிறது’ என்பதோடு நிறுத்துங்கள்.

‘ஆல்’ உருபு போட்டு எழுத ஆசையென்றால் சோதனை வடிவமைப்பு வேண்டும். அதாவது ஒரு மாறியை நீங்களே மாற்ற வேண்டும், யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். பல மாணவர்கள் ஆண், பெண் என்று இரண்டு குழுவை ஒப்பிட்டுவிட்டுச் சோதனை ஆய்வு என்று எழுதுகிறார்கள். ஆணையும் பெண்ணையும் நீங்கள் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை. அது குழு ஒப்பீடு, அவ்வளவுதான்.

எத்தனை பேரிடம் தரவு எடுக்க வேண்டும்? சீனியர்கள் எல்லாரும் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணையைப் பார் என்கிறார்கள்.

மலேசிய ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் அட்டவணை அது. 1970இல் வந்தது. மக்கள்தொகை 1,000 என்றால் 278 பேர், 20,000 என்றால் 377, ஒரு மில்லியன் என்றால் 384 என்று சொல்லும். பெரும்பாலோர் மறக்கும் விஷயம், அது எந்தக் கேள்விக்கு விடை என்பது. ‘இந்த ஊரில் எத்தனை சதவீதம் பேர் புகைக்கிறார்கள்’ என்பது போன்ற சதவீதத்தை, ஐந்து சதவீதம் முன்பின் பிழையோடு, 95 சதவீத நம்பிக்கையில் மதிப்பிடத்தான் அந்த எண்கள். அதுவும் பெயர்ப்பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஆள் எடுத்திருந்தால் மட்டும். நீங்கள் இரண்டு குழுவை ஒப்பிடுகிறீர்கள் அல்லது ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது) பார்க்கிறீர்கள் என்றால், அந்த அட்டவணை உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

உங்களுக்கு வேண்டியது திறன் கணக்கீடு. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் நான்கு விஷயம் கொடுக்க வேண்டும்: எந்தச் சோதனை, எதிர்பார்க்கும் விளைவு அளவு (வேறுபாடு அல்லது தொடர்பு எவ்வளவு பெரியது என்பது), முக்கியத்துவ மட்டம் (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பின் வரம்பு, வழக்கமாக 0.05), திறன் (உண்மையில் இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, வழக்கமாக 0.80). இருபக்கச் சோதனையில் வரும் எண்கள் இவை. இரண்டு தனித்தனிக் குழுக்கள், நடுத்தர விளைவு, அதாவது கோஹன் டி (இரண்டு சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 0.5 என்றால் குழுவுக்கு 64, மொத்தம் 128. அதே ஒப்பீட்டில் விளைவு 0.2தான் என்றால் குழுவுக்கு 394. ஒட்டுறவு 0.3 என்றால் ஏறத்தாழ 85 பேர், 0.2 என்றால் 190ஐத் தாண்டும். விளைவு பாதியானால் ஆள் பாதி கூடுவதில்லை, நான்கு மடங்காகிறது.

‘நடுத்தர விளைவு’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அதே தலைப்பில் வந்த முந்தைய ஆய்வுகளில் என்ன அளவு வந்தது என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். அச்சில் வரும் விளைவுகள் பெரும்பாலும் ஊதிப் பெரிதானவை. வந்த எண்ணுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் சேர்த்துத் திரட்டுங்கள். பாதியில் விட்டவை, ஒரே விடையை வரிசையாக வட்டமிட்டவை எல்லாம் கழியும்.

பள்ளியில் தரவு எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். பத்து வகுப்பில் இருபது இருபது பேராக 200 பேர் எடுத்திருக்கிறீர்கள், வகுப்புக்குள் ஒத்திருக்கும் அளவு 0.05 என்று வையுங்கள். 1 + (20 − 1) × 0.05 = 1.95. அந்த 200 பேர், தனித்தனியாக எடுத்த 103 பேருக்குத்தான் சமம். ஒரே லயத்தில் வீடு வீடாகப் போய் எடுத்தாலும் இதே கதைதான்.

கூகிள் ஃபார்ம் ஒன்று செய்து குடும்ப வாட்சாப் குழுவிலும் கோயில் இளைஞர் குழுவிலும் போட்டுவிட்டால் போதாதா?

இளங்கலை ஆய்வேட்டுக்கு வசதி மாதிரியை, அதாவது எளிதில் கிடைத்தவர்களிடம் எடுப்பதை, ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அதைச் சமவாய்ப்பு மாதிரி என்று எழுதிவிடாதீர்கள். ‘யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பினேன்’ என்பது சமவாய்ப்பு ஆகாது. ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படத் தெரிந்த ஒரு வாய்ப்பு இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். ஃபார்மில் நிரப்புவது பெரும்பாலும் படித்த, இளைய, தரவுத் திட்டம் உள்ளவர்கள். தோட்டத்தில் வெளிவேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர் அதில் இருக்க மாட்டார். பிறகு ‘தோட்டத் தொழிலாளர்’ என்று தலைப்பில் போட்டால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான்.

ஃபார்மில் கவனச் சோதனைக் கேள்வி ஒன்று வையுங்கள் (“இந்த வரிக்கு ‘இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும்” என்பது போல). ஒருவர் இரண்டு முறை அனுப்ப முடியாதபடி அமைப்பை மாற்றுங்கள்.

வினாநிரல் ஆங்கிலத்தில் இருக்கிறது. நானே தமிழில் மாற்றிக்கொள்ளலாமா?

முதலில் தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ செய்த மொழிபெயர்ப்பு நம் தோட்டத்துக் காதுக்கு அந்நியமாக ஒலிக்கலாம். அளவுகோல் உரிமையாளரிடம் அனுமதி தேவையா என்பதையும் பாருங்கள். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் 21 கேள்விகள் கொண்ட டாஸ் போன்றவை பொதுவில் உள்ளவை; சிலவற்றுக்குக் கட்டணமே உண்டு.

இல்லையென்றால் 1970இல் பிரிஸ்லின் விவரித்த முன்பின் மொழிபெயர்ப்பு முறைதான் வழக்கம். இருமொழியும் நன்கு தெரிந்த ஒருவர் தமிழுக்குக் கொண்டுவருவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். மூன்றாமவர் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பொருள் நழுவிய வரிகளை மட்டும் திருத்தி மறுபடி ஒரு சுற்று. பிறகு, பெரும்பாலோர் தவிர்க்கும் படி ஒன்று: ஐந்தாறு பேரிடம் வரி வரியாக வாசித்து, “இதுல என்ன கேக்குறாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க” என்று கேட்பது. முன்பின் மொழிபெயர்ப்பில் சிக்காத கோளாறு இங்கே சிக்கும்.

உதாரணம்: “கடந்த ஒரு வாரத்தில் என்னால் ஓய்வாக இருக்க முடியவில்லை” என்ற வரி. மனம் தளராமல் முறுக்கிக்கொண்டே இருந்ததா என்று அறியத்தான் அது. தோட்டத்தில் கேட்டால் “ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு” என்று பதில் வரும். திரும்ப ஆங்கிலத்துக்குப் போட்டுப் பார்த்தால் எந்தக் கோளாறும் தெரியாது. “வேலை முடிஞ்ச பிறகும் மனசு அமைதியாகாம இருந்துச்சு” என்று மாற்றினால் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள். எழுத்துத் தமிழ்தான் மரியாதை என்று நினைக்க வேண்டாம். வாய்விட்டு வாசிக்கப் போகும் வினாநிரல் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

‘மேனேஜரும் மண்டோரும் (வேலை மேற்பார்ப்பவர்) என்னை மதிக்கிறார்கள்’ போன்ற இரட்டைக் கேள்வி எந்த மொழியிலும் வேண்டாம். மேனேஜர் மதித்து மண்டோர் மதிக்காவிட்டால் எங்கே வட்டமிடுவது?

முன்னோட்ட ஆய்வில் குரோன்பாக் ஆல்ஃபா 0.42 வந்தது. அளவுகோல் கெட்டதா?

ஆல்ஃபா என்பது ஓர் அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். முதலில் எதிர்த்திசையில் கேட்ட கேள்விகளைத் திருப்பினீர்களா என்று பாருங்கள். உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நல்ல விதமாகக் கேட்கப்பட்டவை. 0 வந்தால் 4 ஆகவும், 1 வந்தால் 3 ஆகவும் மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். திருப்பாமல் விட்டால் ஆல்ஃபா சரியும், சில நேரம் கழித்தல் எண்ணாகவே வரும். பாதிக்கும் மேல் ‘ஆல்ஃபா பிரச்சினை’கள் இதோடு தீர்ந்துவிடும்.

திருப்பியும் குறைவாக இருந்தால், ‘இந்தக் கேள்வியை நீக்கினால் ஆல்ஃபா’ என்ற பத்தியைப் பாருங்கள். ஆனால் எண் ஏறுகிறதே என்று கேள்விகளை வெட்டித் தள்ளாதீர்கள். வெட்டிய பிறகு அது அதே அளவுகோல் அல்ல. வழக்கமாக 0.70 போதும் என்பார்கள். முன்னோட்டத்தில் பதினைந்து பேர்தான் இருந்தார்கள் என்றால் அந்த எண்ணே தள்ளாடும், ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆல்ஃபா உயர்வாக இருப்பது, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் காட்டும். அவை சரியான விஷயத்தை அளக்கின்றனவா என்பது ஏற்புடைமை. அது தனி வழக்கு.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அப்பாவுக்கு மேனேஜரைத் தெரியும்.

அப்பாவுக்குத் தெரிந்தது கேட் வரைக்கும் உதவும். முதலில் வேண்டியது பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். அது கைக்கு வரும் முன் ஒரு வினாநிரல்கூடக் கொடுக்கக்கூடாது, முன்னோட்டத்துக்குக்கூட. சில வாரங்கள் ஆகும், திருத்தம் கேட்டால் இன்னும் இழுக்கும். விடுமுறை தொடங்கும் வாரத்தில் விண்ணப்பம் போட்டவர்கள் விடுமுறையை வீட்டில் உட்கார்ந்து கழித்திருக்கிறார்கள்.

அதன் மேல், இடத்தைப் பொறுத்து:

தமிழ்ப்பள்ளி உட்பட அரசாங்கப் பள்ளி என்றால், கல்வி அமைச்சின் ஈராஸ் இணையத்தளம் வழி விண்ணப்பித்து அமைச்சின் ஒப்புதல், பிறகு மாநிலக் கல்வி இலாகா, அப்புறம்தான் தலைமையாசிரியர். தலைமையாசிரியர் உறவுக்காரராக இருந்தாலும் வரிசை இதுதான். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் விருப்பமும் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிள்ளை தலையாட்டவில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

அரசாங்க மருத்துவமனை, சுகாதார கிளினிக் என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழுவையும் தாண்ட வேண்டும். இளங்கலை மாணவருக்கு நேரம் போதாது. வேறு இடம் பாருங்கள். ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமம் என்றால் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜக்கோவாவின் அனுமதி. சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே கிராமங்கள் பக்கத்தில்தானே என்று நேராகப் போய்விடாதீர்கள்.

தோட்டத்துக்கு மேனேஜரின் கடிதம் போதும். ஆனால் அது உள்ளே நுழைய அனுமதி மட்டும். தொழிலாளியின் சம்மதம் அல்ல. காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கூடும் இடத்தில்) மண்டோரை விட்டு “எல்லாரும் இந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுங்க” என்று சொல்ல வைத்தால் அது கட்டாயப்படுத்தல், நெறிமுறைக் குழு அப்படித்தான் பார்க்கும். யார் மறுத்தார்கள் என்பது ஆபிசுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அதற்கு எளிய வழி: விரும்பியவர், விரும்பாதவர் எல்லாரும் ஒரே மாதிரி உறையை மூடிப் பெட்டியில் போடுவது. வெறும் தாளும் உள்ளே இருக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது?

வாசித்துக் காட்டுங்கள், ஆனால் படிவத்தின் நடையில் வேண்டாம். உதாரணமாக:

“பாட்டி, நான் இந்த ஊர்ப் பிள்ளைதான், யூனிவர்சிட்டியில படிக்கிறேன். தூக்கத்தைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் கேள்வி கேக்கணும். உங்க பேரு எழுத மாட்டேன். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேணாம், பாதியில எழுந்து போகலாம். முடியாதுன்னு சொன்னாலும் யாருக்கும் தெரியாது. சரிங்களா?”

அடுத்து, “இப்ப நான் என்ன சொன்னேன்னு ஒரு தடவை சொல்லுங்க பாட்டி” என்று கேளுங்கள். விலகிக்கொள்ளலாம் என்ற விஷயத்தை அவர் திரும்பச் சொல்லவில்லை என்றால் மறுபடி விளக்குங்கள். பெருவிரல் ரேகை வைக்கும்போது சாட்சி ஒருவர் வேண்டும். அவர் ஆபிஸ் ஆளாகவோ உங்கள் வீட்டு ஆளாகவோ இருக்கக்கூடாது. படிவம் ஓர் உறையில், விடைத்தாள் வேறு உறையில். இரண்டையும் சேர்த்துக் குத்தி வைத்துவிட்டு ‘பெயர் இல்லாத ஆய்வு’ என்று எழுதியவர்கள் உண்டு.

நேரமும் முக்கியம். பால்மரம் சீவுபவர்கள் விடியுமுன் போய் மதியம் திரும்புவார்கள். சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். மாலை நான்கரைக்கு மேல் நல்லது. தீபாவளி, தைப்பூச வாரங்களில் தூக்கத்தைப் பற்றித் தரவு எடுத்தால் அது பண்டிகையின் தரவு. மழை விடாத மாதத்தில் மரம் சீவ முடியாது, சம்பளம் குறையும். மன அழுத்த மதிப்பெண் அந்த மாதத்தைக் காட்டும், ஆண்டு முழுவதையும் அல்ல. எடுத்த மாதத்தை முறையியலில் எழுதிவிடுங்கள்.

யாராவது கேள்விக்கு நடுவில் அழுதால், சாகத் தோன்றுகிறது என்று சொன்னால்?

கேள்வியை நிறுத்துங்கள். ஆய்வு அங்கே முடிந்தது. நீங்கள் ஆலோசகர் அல்ல, அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். தனியாக விட்டும் வராதீர்கள். மனத்துணை தரும் தொலைபேசிச் சேவையான பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 ஆகியவற்றை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. அன்றே மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள். ரகசியம் காப்பேன் என்ற உறுதிக்கு உயிராபத்து விதிவிலக்கு என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். டாஸ் அளவுகோலில் ‘மிகத் தீவிரம்’ என்று வருவதும் நோயைக் கண்டறிந்ததாக ஆகாது; அந்தச் சொல்லை அவரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள்.

தமிழும் மலாயும் தெரிந்தவர்களிடம் ஸ்ட்ரூப் சோதனை செய்ய ஆசை. எப்படி அமைப்பது?

நல்ல தேர்வு. 1935இல் வந்த சோதனை, இன்றும் உறுதியாக வேலை செய்கிறது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தைத்தான் மில்லிவினாடியில் அளக்கிறீர்கள்.

நிறங்கள் நான்கு: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். சொல்லும் மையும் பொருந்துபவை 4 சேர்க்கை, பொருந்தாதவை 12. இரண்டு வகையும் சமமாக வர, பொருந்துபவற்றை 12 முறையும் பொருந்தாதவற்றை 4 முறையும் காட்டினால் 48 + 48 = 96 முறை. இது ஒரு மொழிக்கு. இரண்டு மொழிக்கு 192. இடையில் ஓய்வு கொடுத்தால் இருபது நிமிடத்துக்குள் முடியும். தொடக்கத்தில் 16 பயிற்சி முறை. பாதிப் பேருக்குத் தமிழ் முதலில், பாதிப் பேருக்கு மலாய் முதலில். இல்லாவிட்டால் களைப்பும் பழக்கமும் ஒரே மொழியின் கணக்கில் ஏறும். தப்பான விடைகளையும் 200 மில்லிவினாடிக்குக் குறைந்தவற்றையும் நீக்குவது வழக்கம். மேல் வரம்பு என்ன என்பதைத் தரவைப் பார்க்கும் முன் எழுதி வையுங்கள்.

இப்படிப்பட்ட சோதனைகளைக் கணினியில் அமைக்க உதவும் சைக்கோபை மென்பொருள் இலவசம். ஆனால் தமிழ் எழுத்துகளை அதில் நேராகத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம், ஆகவே சொற்களைப் படமாகச் சேமித்துப் போடுங்கள். புளூடூத் விசைப்பலகை தாமதம் சேர்க்கும். கம்பி இணைப்பே நல்லது.

இந்த ஆய்வில் பெரிய கோளாறு வருவது இயந்திரத்தால் அல்ல. தமிழில் ஸ்ட்ரூப் விளைவு குறைவாக வந்ததும், ‘இருமொழியாளரின் மூளை’ என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். தேசியப் பள்ளியில் படித்தவர் வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் பேசுவார், ஆனால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். சொல்லைத் தானாக வாசித்துவிடுவதால்தான் குறுக்கீடே வருகிறது. வாசிப்பே மெதுவானால் குறுக்கீடு எப்படி வரும்? முதலிலேயே ஒரு நிமிடத்தில் எத்தனை தமிழ்ச் சொல், எத்தனை மலாய்ச் சொல் வாசிக்கிறார் என்று அளந்து, தமிழ்ப்பள்ளியில் படித்தாரா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மேல் வர முடியாத அளவுகோலில் சராசரி 5.6 வந்திருக்கிறது!

விடுபட்ட பதிலுக்கு 99 என்று போட்டுவிட்டு, அது விடுபட்டது என்று மென்பொருளுக்குச் சொல்லவில்லை. 39 பேரின் சராசரி 3.2, ஒருவருக்கு 99 என்றால் (124.8 + 99) ÷ 40 = 5.6. நல்லவேளையாக இது கண்ணுக்குத் தெரிந்தது. 0 முதல் 100 வரை போகும் அளவுகோலில் இதே தப்பு ஒளிந்துகொள்ளும். எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒவ்வொரு மாறியின் சிறும, பெரும மதிப்பையும் எண்ணிக்கையையும் பாருங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள்.

எந்தச் சோதனை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சார்மாறி (நீங்கள் அளக்கும் விளைவு) எண்ணா, வகையா? எத்தனை குழு? ஒரே ஆளை இரண்டு முறை அளந்தீர்களா, வேறு வேறு ஆளா? இந்த மூன்றுக்கு விடை சொன்னால் பெரும்பாலும் முடிந்தது. எண், இரண்டு குழு, வேறு ஆள் என்றால் தனிக்குழு டி-சோதனை; இரு குழுவின் மாறுபாடு சமமா என்று தலையை உடைக்காமல், அது சமமாக இருக்கத் தேவையில்லாத வெல்ச் வடிவத்தையே எடுங்கள். ஒரே ஆள் இருமுறை என்றால் இணை டி-சோதனை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழு என்றால் அனோவா. இரண்டும் எண் என்றால் ஒட்டுறவு, இரண்டும் வகை என்றால் கை-வர்க்கம். சோதனையைத் தரவு திரட்டும் முன்பே எழுதியிருக்க வேண்டும். ‘தரவு வந்ததும் பார்க்கலாம்’ என்றவர்கள்தான் ஏப்ரல் மாதத்தில் தூங்காமல் இருக்கிறார்கள்.

பி-மதிப்பு .07 வந்தது. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் .05க்குக் கீழே போய்விடும் போலிருக்கிறது. சேர்க்கலாமா?

கூடாது. பி-மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பது. பார்த்துப் பார்த்து ஆள் சேர்த்தால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். இருபது சோதனை போட்டால், எதிலுமே வேறுபாடு இல்லாவிட்டாலும், ஏதாவது ஒன்று .05க்குக் கீழே விழ 64 சதவீத வாய்ப்பு. 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சன் மூவரும் இப்படிப்பட்ட சலுகைகளை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு, ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயதே ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாகப் ‘புள்ளியியல்படி’ காட்டினார்கள். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலத்தில் 97 சதவீதம் முக்கியத்துவம் காட்டியிருக்க, மறுஆய்வில் 36 சதவீதம்தான் காட்டியது.

.07 என்றால் .07 என்றே எழுதுங்கள். விளைவு அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்துக் கொடுங்கள். கருதுகோள் உறுதிப்படவில்லை என்பதற்காக யாரும் ஃபெயில் ஆக்குவதில்லை.

இன்னொன்று: எஸ்பிஎஸ்எஸ் .000 என்று காட்டினால் அதை அப்படியே எழுதாதீர்கள், ‘.001க்கும் குறைவு’ என்று எழுதுங்கள். முழு வரி இப்படி வரும்: டி-மதிப்பு 2.40, கட்டின்மைப் படி 126, பி-மதிப்பு .018, கோஹன் டி 0.42.

புள்ளியியலுக்குப் பயந்து நேர்காணல் ஆய்வு எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பயத்துக்காக என்றால் வேண்டாம். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் போகும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு என்றால் இன்னும் கூடும். கலப்பைத் ‘திருத்தாமல்’ பேசியபடியே எழுதுங்கள். பிரவுன், கிளார்க் 2006இல் விளக்கிய கருப்பொருள் பகுப்பாய்வில் ஆறு கட்டம். முதல் கட்டமே எழுத்தாக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். எத்தனை பேர் என்றால், ஒரே மாதிரியான ஆட்களிடம் பன்னிரண்டு நேர்காணலுக்குள் பெரும்பாலான கருப்பொருள்கள் வந்துவிட்டதாக 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. அதை விதியாக அல்ல, திட்டமிட ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

“உங்களுக்கு மன அழுத்தம் இருக்கா?” என்று கேட்டால் “அதெல்லாம் ஒன்னும் இல்லப்பா” என்பதோடு முடிந்துவிடும். “நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து படுக்குற வரைக்கும் என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க மாமா” என்று தொடங்குங்கள். பேச்சு நின்றால் ஐந்து வினாடி பொறுங்கள். அடுத்த கேள்வியைத் திணிக்க வேண்டாம்.

சிறிய ஊரில் புனைபெயர் மட்டும் போதாது. ‘பங்கேற்பாளர் 4, ஓய்வுபெற்ற கங்காணியின் மூத்த மகள், கோயிலுக்கு எதிர்வீடு’ என்று எழுதினால் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வயதைப் பத்தாண்டு வரம்பாகவும், தோட்டத்தின் பெயரை ‘தோட்டம் அ’ என்றும், வேலையைப் பொதுவாகவும் எழுதுங்கள். ஒலிப்பதிவைப் பொதுக் கணினியிலோ குடும்பக் கைப்பேசியிலோ வைக்காதீர்கள்.

சாட்ஜிபிடியிடம் மேற்கோள் பட்டியல் கேட்கலாமா?

வேண்டாம். இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியர் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடக்கூடும். கூகிள் ஸ்காலரிலும் நூலகத் தரவுத்தளத்திலும் கைக்கு வந்த கட்டுரையை மட்டும் குறிப்பிடுங்கள். மற்றப் பயன்பாட்டுக்கு உங்கள் பல்கலைக்கழகம் என்ன விதி வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

எஸ்பிஎஸ்எஸ் வாங்கப் பணமில்லை, மடிக்கணினியும் பழசு. வீட்டில் லைனும் சரியில்லை.

ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம். இளங்கலைக்குத் தேவையான எல்லாச் சோதனையும் அவற்றில் உண்டு, தரவிறக்கிய பிறகு இணையம் வேண்டாம். நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் ஜாஸ்ப் திணறினால் ஜமோவியைப் பாருங்கள். விரிவுரையாளர் எஸ்பிஎஸ்எஸ் வெளியீடுதான் வேண்டும் என்றால், பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் ஒரு மதியம் போதும். பகுப்பாய்வை வீட்டில் ஜமோவியில் முடித்து, எந்தப் பொத்தான் எந்த வரிசை என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டுரைகளை வளாகத்தில் இருக்கும்போதே தரவிறக்கிக்கொள்ளுங்கள். நூலகத் தரவுத்தளத்தை ஊரிலிருந்து திறக்க மாணவர் கணக்கு வழியாக உள்நுழைய வேண்டும். அந்தக் கடவுச்சொல் விடுமுறையில் காலாவதியானால் புதுப்பிக்க ஐடி பிரிவின் அலுவலக நேரம்தான், சனி ஞாயிறில் யாரும் எடுக்க மாட்டார்கள்.